பக்கத்து சீட்டின் பிரேக்

லிஃப்ட் கீழே இறங்கத் தொடங்கியதும் பிரேக் மாமாவின் வலது கால் தரையை ஓர் அழுத்து அழுத்தும். ஒவ்வொரு மாடியைக் கடக்கும்போதும் ஓர் அழுத்து. கீழே வந்து கதவு திறக்கும்போது, தான் பிடித்ததால்தான் நின்றது என்ற திருப்தி அவர் முகத்தில் தெரியும். கூட இறங்குகிறவர்கள் ஒரு நன்றிகூடச் சொல்லாமல் போவதை அவர் பெரிதுபடுத்துவதில்லை.

லிஃப்ட் மட்டும் இல்லை. முடிவெட்டுகிறவர் கத்தியைக் காதோரம் கொண்டுவந்தால் நாற்காலியின் கால்பலகை கிறீச்சிடும். மனைவி அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் போனில் பேசிக்கொண்டிருந்தால், பால் ஏற ஏற இவருடைய கால் சாப்பாட்டு மேஜைக்கு அடியில் இறங்கும். எழுந்து போய் அடுப்பை அணைக்கலாம் என்று தோன்றாது. அதுதான் பிரேக்கைப் பிடித்தாயிற்றே. பால் வழிந்த பிறகு, "நான் அப்பவே அமுக்கினேன்" என்பார், சாட்சி சொல்லும் தொனியில்.

தொழில், டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். பெயர் வைத்தது அக்கா மகள். அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது மடியில் வைத்து ஊஞ்சலாட்டிய தாய்மாமன், ஊஞ்சல் கொஞ்சம் உயரே போனாலே செருப்பால் தரையைத் தேய்த்து நிறுத்திவிடுவார். அன்று வந்த பெயர். இப்போது டிரைவிங் ஸ்கூல் முதலாளியே அவரை முதுகுக்குப் பின்னால் அப்படித்தான் குறிப்பிடுகிறார், கொஞ்சம் பெருமையாகவே. ஏனென்றால் அவர் கையில் இத்தனை வருடத்தில் பயிற்சி வண்டிக்கு ஒரு கீறல் விழுந்ததில்லை.

பயிற்சி வண்டியை உள்ளே எட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஓட்டுகிறவர் காலடியில் இருப்பது போலவே பக்கத்து சீட்டுக்குக் கீழேயும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக். ஸ்டியரிங் மட்டும் ஒன்றுதான். ஒருவர் திருப்ப வேண்டும், இருவர் நிறுத்தலாம். குடும்பம் என்று நாம் நடத்துவதும் ஏறக்குறைய இந்த ஏற்பாடுதான் என்பதால் இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

மாமாவின் பாடம் நடத்தும் முறையில் ஓர் இலக்கணம் உண்டு. வண்டி ஒழுங்காகப் போனால் "நாம". "இப்ப நாம அழகா வளைஞ்சோம், நாம ரெண்டாவது கியர் போட்டோம்." வண்டி குலுங்கி நின்றால் உடனே "நீங்க". "நீங்க கிளட்ச்ச விட்டுட்டீங்க." அவரிடம் கற்றுக்கொண்ட பல் டாக்டரம்மா ஒருவர், லைசென்ஸ் எடுத்துப் புது வண்டியும் வாங்கி, மறுநாளே ஷோரூமில் போய்ப் புகார் செய்தார். எதிரே ஆள் வந்தால் வண்டி தானாக நிற்கவில்லையாம். பழைய வண்டி நின்றதாம்.

அதே ஸ்கூலில் இன்னொரு மாஸ்டர் இருக்கிறார். கடைசி வகுப்பன்று மைதானத்தின் ஓரத்தில் இறங்கிக்கொண்டு, "தனியா ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க, நான் டீ குடிக்கிறேன்" என்று அனுப்பிவிடுவார். பிரேக் மாமா அந்தக் காட்சியைப் பார்க்க நேர்ந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். "இறங்கிட்டா அப்புறம் நான் மாஸ்டரா, ரோட்டுல நிக்கிற ஆளா?" என்பது அவர் கேள்வி. டீ அவருக்கும் பிடிக்கும். ஃபிளாஸ்க்கில் கொண்டுபோய் சீட்டில் உட்கார்ந்தே குடிப்பார்.

இப்படிப்பட்ட மனிதரிடம் ஒரு கம்ப்யூட்டரைக் கொடுத்து, ஊரின் மறுகோடியில் இருக்கும் இன்னொரு கம்ப்யூட்டரை இங்கிருந்தே ஓட்டலாம் என்றும் சொல்லிவிட்டால் என்ன ஆகும்?

அந்த இன்னொரு கம்ப்யூட்டர் அக்காவுடையது. அக்கா ஆயத்த ஆடைக் கம்பெனி ஒன்றில் பேட்டர்ன் வரைந்தவர். துணியில் கத்தரி வைப்பதற்கு முன், கை, காலர், முதுகு என்று ஒவ்வொரு பாகத்தையும் காகிதத்தில் வரைந்து கொடுக்கும் வேலை. கம்பெனி வேறு ஊருக்கு இடம் பெயர்ந்தது, அக்கா பெயரவில்லை. உடனே மகள் ஆரம்பித்துவிட்டாள், "தனியா என்ன பண்ணப்போற, வீட்டைப் பூட்டிட்டு என்கூட வந்துடு. மூணாவது ரூம் சும்மாதான் கிடக்கு." அக்கா அந்த மூன்றாவது அறையைப் பார்த்திருக்கிறார். அதில் இஸ்திரி மேஜை, ஓர் உடைந்த டிரெட்மில், பேரப்பிள்ளைகளின் பழைய தொட்டில் எல்லாம் ஏற்கெனவே குடியிருந்தன. நான்காவது சாமானாகப் போக அவருக்கு இஷ்டமில்லை.

அதனால் ஆன்லைனில் பேட்டர்ன் வகுப்பு எடுப்பதாக அறிவித்துவிட்டார். பழைய கம்பெனிப் பெண்கள் சிலர், அவர்கள் சொல்லி வேறு சிலர் சேர்ந்தார்கள். முதல் வகுப்பு சனிக்கிழமை காலை. காகிதத்தில் வரைந்து பழகிய அக்காவுக்குக் கம்ப்யூட்டர்தான் புதிது. அம்மாவுக்கும் மகளுக்கும் ஒப்பந்தம் தெளிவாக இருந்தது. வகுப்பு நடந்தால் அக்கா தன் வீட்டில். பாதியில் படுத்துவிட்டால் மூன்றாவது அறையில்.

"நீ கவலையே படாத" என்றார் பிரேக் மாமா. "நீ பேசு, போதும். கம்ப்யூட்டர நான் இங்கருந்து ஓட்டுறேன்."

அதற்கான மென்பொருளை இரண்டு வீட்டிலும் ஏற்றினார்கள். அதற்கு மாமா வைத்த பெயர் "ரிமோட்". அக்கா தன் திரையில் வரும் எண்ணைப் போனில் படிக்க வேண்டும். இவர் இங்கே அதைத் தட்டினால், அங்கே 'அனுமதிக்கலாமா' என்று ஒரு பெட்டி கேட்கும். அக்கா சரி என்றால் அக்காவின் திரை அப்படியே இவர் மேஜைக்கு வந்துவிடும். முதல் நாள் அக்கா எண்ணைப் படித்து முடிப்பதற்குள் எண் மாறிவிட்டது. இரண்டாவது முறை, கேட்ட பெட்டியிடம் அக்கா மறுப்புச் சொல்லிவிட்டார். "யாரோ உள்ள வரலாமான்னு கேக்குதுடா, தெரியாத ஆளுக்கெல்லாம் கதவத் திறப்பாங்களா?" மூன்றாவது முறை இணைப்பு கிடைத்து, மாமா நிமிர்ந்து உட்கார்ந்த வேளையில், மென்பொருளே ஒரு சந்தேகத்தைக் கிளப்பியது. நீங்கள் இதை வியாபாரத்துக்குப் பயன்படுத்துவதாகத் தெரிகிறது என்று எழுதிக் காட்டியது. மாமா அந்த வாக்கியத்தை உரக்கப் படித்துவிட்டு மனைவியைப் பார்த்தார். "எங்க அக்காகிட்ட நான் என்ன வியாபாரம் பண்ணிட்டேன்?"

"கல்யாணத்துக்கு முன்னாடி என்ன நடந்துச்சோ, எனக்கு எப்படித் தெரியும்" என்றார் மனைவி. அவர் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவர். எதைக் கேட்டாலும் யோசிக்காமல் எடுத்துக் கொடுத்துவிடுவார்.

ஒத்திகைகள் தொடங்கின. மாமா மேஜையில் உட்கார்ந்து, போனை டம்ளரில் சாய்த்து, அக்காவின் கம்ப்யூட்டரை ஓட்டினார். அழகாக ஓடியது. காலர் படத்தைத் திறந்தார், பெரிதாக்கினார், அடுத்த படத்துக்குப் போனார். "பாத்தியா, நாம எப்படிப் போறோம்" என்றார்.

"எல்லாம் சரி, இப்ப நான் தொட்டுப் பாக்குறேன்" என்றார் அக்கா.

"தொடு. மெதுவா. மொதல்ல ரெண்டு பக்கமும் பாத்துக்கோ. வலது பக்கமா ஒரு பெட்டி வருது பாரு, அதுக்கு வழி விடு. ஓரங்கட்டு, ஓரங்கட்டு."

"உன்ன இடுப்புல தூக்கிட்டுத் திரிஞ்சவ நான். எனக்கு ஓரங்கட்டச் சொல்லித் தர்றியா?"

அக்காவின் அம்புக்குறி திரையில் நகர்ந்தது. நகர்ந்து, படங்களை அழிக்கும் பொத்தானுக்குப் பக்கமாகப் போனது. இணைப்பு அறுந்தது.

கூடத்திலிருந்து மனைவி, "நெட் போச்சு" என்றார். அவர் பார்த்துக்கொண்டிருந்த தொடரில் ஒருத்தி அறைவதற்காகக் கையை ஓங்கியபடி நின்றுவிட்டிருந்தாள்.

கொஞ்ச நேரத்தில் நெட் தானாகவே வந்தது. கூடத்தில் அறை விழுந்தது. மாமா மறுபடியும் எண் கேட்டு வாங்கி, அனுமதி வாங்கி, உள்ளே போனார். அவர் ஓட்டிய வரை ஒரு சிக்கலும் இல்லை. அக்கா மௌஸைத் தொட்டு, ஏதாவது ஏடாகூடமான இடத்துக்குப் பக்கத்தில் போனதும் அறுந்தது. மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும் அப்படியே.

மாமா தொழில் தெரிந்தவர். கோளாறைப் பிரித்துப் பார்க்கத் தெரியும். நான் ஓட்டினால் ஓடுகிறது, அவர் ஓட்டினால் நிற்கிறது, ஆகவே கோளாறு அந்தப் பக்கம். அக்காவைப் புது மௌஸ் வாங்க வைத்தார். அதுவும் அறுந்தது. கம்ப்யூட்டர் தூங்கிப் போகாமல் இருக்க அதன் அமைப்புகளை மாற்றினார். பாதுகாப்பு மென்பொருளை நிறுத்தினார், திரும்பவும் போட்டார். மென்பொருளை இரண்டு வீட்டிலும் நீக்கிவிட்டு மறுபடி ஏற்றினார். அக்காவின் நாற்காலியை வேறு பக்கம் திருப்பிப் போடச் சொன்னதற்கு மட்டும் அவரிடம் விளக்கம் இல்லை.

"அங்க நீ மௌஸ ஆட்டினா இங்க இவ சீரியலே நிக்குதுக்கா. உன் லைன்ல என்னமோ இருக்கு."

"லைன்லயா, என் கையிலயா? நேரா சொல்லிடு."

மாமா நேராகச் சொல்லவில்லை. ஆனால் மறுக்கவும் இல்லை. "வகுப்பு அன்னிக்கு நீ மௌஸ தொடாத. நானே பாத்துக்கிறேன்" என்றார்.

"தொடாம எப்படிடா? கை வளைவ எங்கருந்து எங்க இழுக்கணும்னு நான் வரைஞ்சுதானே காட்டணும்? உனக்குத் தெரியுமா அது?"

"நீ சொல்லு, நான் வரையறேன்."

"அப்ப வகுப்பு நீயே எடு. நான் மூணாவது ரூமுக்குப் போறேன்."

இதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அன்று மாலை மகள் மாமாவுக்குப் போன் செய்தாள். "மாமா, அம்மா கட்டில விக்கலாமா, இல்ல கொண்டு வரலாமான்னு கேக்குறாங்க. நீங்க வீணா ஆசை காட்டாதீங்க." போனை வைத்த பிரேக் மாமாவுக்கு, 'என் கையிலயா?' என்று அக்கா கேட்டது நினைவுக்கு வந்தது. அக்கா தன் கையைப் பற்றி அப்படிக் கேட்டுக்கொள்கிற ஆள் இல்லை. அந்தக் கை கண்ணால் அளந்து காகிதத்தில் இழுத்த கோட்டை நம்பி ஆயிரக்கணக்கான சட்டைகள் தைக்கப்பட்டிருக்கின்றன.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடைசி ஒத்திகை. மாமா மேஜையில். மருந்துக்கடைக்குப் போய்வந்த மனைவி வீட்டுச் செருப்பில் ஒன்றைக் காணாமல், அது மேஜைக்கு அடியில் போயிருக்குமோ என்று குனிந்தார். குனிந்தவர் எழவில்லை.

"என்ன?" என்றார் மாமா.

"ஒண்ணுமில்ல. நீங்க பேசுங்க."

மேலே அக்காவின் அம்புக்குறி அழிக்கும் பொத்தானை நெருங்கிக்கொண்டிருந்தது. கீழே மாமாவின் வலது கால் முன்னால் நீண்டது. அங்கே மின்சாரத்துக்கான எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கிடந்தது. அதில் நெட் வரும் ரௌட்டரின் பிளக், வயதான பல் போல ஆட்டம் கண்டு செருகியிருந்தது. கால் பாக்ஸின் விளிம்பை மிதித்தது. பாக்ஸ் சாய்ந்தது, பிளக் தளர்ந்தது, அலமாரியில் ரௌட்டரின் பச்சை விளக்குகள் எல்லாம் அணைந்தன. கால் விலகியது. பாக்ஸ் பழையபடி படுத்தது. விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கின.

"மறுபடி போச்சு பாரு" என்று மேலே மாமா போனில் சொல்லிக்கொண்டிருந்தார். "அக்கா, நீ எதத் தொட்ட?"

மனைவி மேஜையடியிலிருந்து கையை மட்டும் நீட்டிப் போனை வாங்கினார். "அண்ணி, நான்தான். திரும்ப ஒரு தடவ சேருங்க. சேர்ந்ததும் அந்தக் குப்பைத்தொட்டி படம் இருக்குல்ல, அதுகிட்டக் கொண்டு போங்க. அமுக்க வேண்டாம், சும்மா மிரட்டுங்க."

"ஏம்மா, நீ எங்கருந்து பேசுற? குகைக்குள்ள இருந்து பேசற மாதிரி கேக்குது."

"உங்க தம்பி காலடியிலதான் இருக்கேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்துல இன்னிக்குத்தான் பிரயோஜனம்."

அக்கா மிரட்டினார். கால் நீண்டது. பச்சை விளக்குகள் அணைந்தன. சந்தேகத்துக்கு இடம் வைக்காமல் இன்னொரு முறையும் மிரட்டச் சொன்னார் மனைவி. இன்னொரு முறையும் கால் நீண்டது.

"கிடைச்சிருச்சு அண்ணி" என்றார். "உங்க கையில ஒண்ணுமில்ல, லைன்லயும் ஒண்ணுமில்ல. இங்க ஒருத்தர் பிரேக் போட்டுட்டு உக்காந்திருக்கார்."

போனில் அக்கா சிரிக்கத் தொடங்கினார். சிரித்துக்கொண்டே இருமினார். தண்ணீர் குடிக்கப் போனார். போனவர் அங்கேயும் சிரிப்பது கேட்டது. திரும்பி வந்து, "புது மௌஸ் காசு உன் கணக்குலடா" என்றார்.

மாமா நாற்காலியைப் பின்னால் தள்ளித் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறர் பையிலிருந்து விழுந்து கிடந்த பொருளைப் பார்ப்பது போல. "நான் அமுக்கவே இல்லையே" என்றார். மனைவி எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தூக்கி அலமாரியின் மேல்தட்டில் வைத்தார். வீட்டுக்கு வரும் குழந்தைகளுக்கு எட்டாமல் மருந்து வைக்கும் தட்டு அது.

சனிக்கிழமை காலை வகுப்பு தொடங்கியது. மனைவியும் ஒரு மாணவியாகச் சேர்ந்து, போனைச் சமையலறை ஜன்னலில் சாய்த்து வைத்துக்கொண்டு காய் நறுக்கினார். மாமா மேஜையில், ரிமோட்டில். அக்கா வணக்கம் சொன்னார், தன் மூக்குக்கண்ணாடியைத் தேடினார், அது தலையில் இருந்தது, எல்லோரும் சிரித்தார்கள். பிறகு சட்டைக் கையின் படத்தைத் திறந்து மௌஸைப் பிடித்தார். தோள் பக்கத்து வளைவை வரைய ஆரம்பித்தார். கோடு மெல்ல ஏறியது. ஏறிய கோடு, மாமாவின் கணக்குப்படி வளைய வேண்டிய இடத்தில் வளையாமல் நேரே போனது.

கால் தரையை அழுத்தியது. அங்கே ஒன்றுமில்லை, வெறும் தரை. ஆகவே கை போனது.

இரண்டு வீட்டு மௌஸும் ஓர் அம்புக்குறியைப் பிடித்து இழுத்தன. கோடு ஒரு குதி குதித்து, சட்டைக் கை இருக்க வேண்டிய இடத்தில் ஆட்டுக்கொம்பு போல ஒன்று முளைத்தது. மாணவிகளில் யாரோ, "மேடம், இது என்ன மாடல்?" என்று கேட்டார்.

அக்கா குரலை உயர்த்தவில்லை. "இது மாடல் இல்லம்மா. என் தம்பி. டிரைவிங் சொல்லித் தர்றவன். பக்கத்து சீட்டுல உக்காந்திருக்கான்." பிறகு கொம்பை அழித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து கோட்டைத் தொடர்ந்தார். அது நேரே போய், இன்னும் கொஞ்சம் போய், யாரும் எதிர்பார்க்காத இடத்தில் ஒரு வாத்தின் கழுத்து மாதிரி வளைந்து இறங்கியது. "இங்க அவசரப்பட்டு வளைச்சீங்கன்னா கையத் தூக்கவே முடியாது. சட்டை இழுக்கும்" என்றார்.

மாமா மௌஸை விட்டுக் கையை எடுத்தார். எடுத்து, மறுபடி வைத்தார். இந்த முறை தன் திரையின் ஓரத்துக்குப் போய், இணைப்பைத் துண்டிக்கும் பொத்தானை அமுக்கினார். நிச்சயமாகவா என்று மென்பொருள் கேட்டது. அவர் அந்தக் கேள்வியைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஆமாம் என்று சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

வெளிக் கதவோரம் பூச்செடிகளுக்கு அப்போதுதான் தண்ணீர் விட்டிருந்தது. ஈர மண்ணில் போய் நின்றார், முதுகை வீட்டுக்குக் காட்டி. சமையலறை ஜன்னல் வழியே மனைவியின் போனில் அக்காவின் குரல் வந்தது. முன்பக்கம், பின்பக்கம், தையலுக்கு விட வேண்டிய இடம் என்று போய்க்கொண்டிருந்த குரல், ஓரிடத்தில் தடுமாறியது. "அய்யய்யோ, எதையோ அமுக்கிட்டேன் போலிருக்கே. படத்தையே காணோம். இருங்க, இருங்க."

பிறகு குரல் இல்லை. நறுக்கும் கத்தியும் நின்றுவிட்டது. மனைவி ஜன்னலிலிருந்து இவரைப் பார்த்தார். இவர் திரும்பவில்லை. தெருவில் ஒரு சைக்கிள் போனது, எதிர்வீட்டில் யாரோ கம்பளத்தைத் தட்டினார்கள்.

"ஆங், வந்துடுச்சு. ஒண்ணுமில்ல, தப்பான பக்கம் திரும்பிட்டேன், அவ்வளவுதான். காலருக்குப் போலாமா?" என்றது அக்காவின் குரல்.

கத்தி மறுபடி நறுக்கத் தொடங்கியது. பிரேக் மாமா மூச்சு விட்டுக் கீழே பார்த்தார். இடது செருப்பு மண்ணின் மேல் சும்மா இருந்தது. வலது செருப்பு, வார் வரைக்கும் சேற்றில் இறங்கியிருந்தது. அதை உருவி எடுத்தார். ஜன்னல் பக்கம் ஒரு முறை பார்த்துக்கொண்டு, இடது காலால் மண்ணைத் தள்ளி அந்தப் பள்ளத்தை மூடினார்.